சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

பழைய காரைப் பேணிக் காக்கும் இல்லங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் வண்டியை, தந்தையார் வாங்கியது என்பதற்காகவோ, குடும்பம் முழுவதும் ஒன்றாய் அமர இடம் உண்டு என்பதற்காகவோ விற்க மனமின்றி வைத்திருப்போர் பலர். அத்தகைய வண்டி நின்ற இடத்தில் காலையில் ஒரு கறை தென்பட்டால், “பழைய வண்டி சொட்டத்தான் செய்யும்” என்று விட்டுவிடுவோர் ஒரு சாரார். உடனே பட்டறைக்குக் கொண்டு சென்று, கண்ட பாகங்களையெல்லாம் மாற்றச் சொல்வோர் மற்றொரு சாரார். முன்னவர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். பின்னவர் பணத்தை வீணாக்குகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நேர்வழி உண்டு. அதனையே இம்மாதம் காண்போம்.

முதலில் அறிய வேண்டுவது, சொட்டுவது யாது என்பது. மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் அடியில் வெள்ளை அட்டைகளையோ பழைய செய்தித்தாள்களையோ விரிப்போம். முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் கோடிட்டுக் குறித்துக்கொள்வோம். காலையில் வண்டியை நகர்த்தியபின், எச்சொட்டு எப்பகுதிக்கு நேர்கீழே விழுந்தது என்பது தெளிவாகும்.

இனி நிறத்தையும் மணத்தையும் நோக்குவோம். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருப்பின் அது எஞ்சின் ஆயில். அதனினும் தடித்து, கந்தக நெடி வீசுமாயின் கியர் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் போன்ற நிறத்தில் நீர்த்து, இனிய மணம் உடையதாயின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். பெட்ரோலை நெடியே காட்டிக் கொடுத்துவிடும். நிறமோ மணமோ அற்ற தெளிந்த நீர், குளிர்சாதனம் பொருத்திய வண்டியாயின், காற்றிலிருந்து பிரிந்த ஈரமே, அதனால் தீங்கில்லை.

இவை எல்லாவற்றிலும் நாம் அஞ்ச வேண்டியது பிரேக் ஆயிலுக்கு. புதியதாயின் வெளிர் மஞ்சளாகவும், பழையதாயின் பழுப்பாகவும் இருப்பதால், இதனை எஞ்சின் ஆயில் என்று எண்ணி ஏமாறுவதுண்டு. ஐயம் தீர எளிய சோதனை ஒன்று உளது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சொட்டு விடுவோம். எண்ணெய் ஆயின் மேலே மிதக்கும். பிரேக் ஆயில் நீரில் கலந்துவிடும். சக்கரத்தின் உட்புறமும் டயரின் உள்விளிம்பும் ஈரமாக இருப்பின், அங்குள்ள வீல் சிலிண்டர் கசிகின்றது எனக் கருதலாம். மிதியை அழுத்திப் பிடித்திருக்கையில் அது மெல்ல மெல்ல அமிழ்ந்தாலும் அபாயமே. பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான் உண்டு. அதில் ஓரிடம் விட்டுப்போனால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். ஆகவே, பிரேக் ஆயில் என்று உறுதியானபின் அவ்வண்டியை ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டு செல்வதும் தகாது. மெக்கானிக்கை வீட்டிற்கு வரவழைப்பதே முறை. குறைந்த அளவை நிரப்ப எஞ்சின் ஆயிலை ஊற்றுவது பெருங்கேடு. அது உள்ளிருக்கும் ரப்பர் பாகங்களை உப்பச் செய்து, பிரேக் அமைப்பு முழுவதையும் பாழாக்கும்.

பெட்ரோல் கசிவும் காத்திருக்கத் தக்கதன்று. நெடி வருமாயின் எஞ்சினை இயக்கலாகாது. அருகில் தீக்குச்சி உரசுதலும் புகைத்தலும் கூடா. பல ஆண்டுகள் உழைத்த ரப்பர்க் குழாய் வெடித்துப் பிளந்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். குழாயின் விலை சிறிது. தீயின் விலை பெரிது.

கூலண்ட் பற்றி இல்லத்தரசியரும் அறிந்திருத்தல் நலம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. ஆனால் நாவிற்கு இனிப்பது. குழந்தைகளும் நாய்களும் அதனை நக்கினால் சிறுநீரகம் கெடும்; உயிருக்கும் ஆபத்து நேரும். எனவே தரையில் தேங்கியதை உடனே மணலிட்டு அகற்றி, அவ்விடத்தை நீர்விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறுதுளை வழியே நீர் ஒழுகினால், பம்ப்பின் சீல் தேய்ந்தது என்பது பொருள். தரையில் கறையே இன்றி ரேடியேட்டரில் நீர் குறைந்து, டிப் ஸ்டிக்கில் பால் கலந்தாற்போன்ற எண்ணெய் தென்படின், நீர் எஞ்சினுள்ளேயே புகுகின்றது. வண்டியை மேலும் இயக்கலாகாது. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதிருப்போம். கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

எஞ்சின் ஆயில் கசிவே பழைய வண்டிகளில் மிகுதி. வீண்செலவு நேர்வதும் இங்கேதான். எண்ணெய் கசிந்த இடத்திலேயே சொட்டுவதில்லை. மேலே வால்வு மூடியின் கேஸ்கெட்டில் கசிந்து, எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, ஓட்டத்தில் எதிர்ப்படும் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, இறுதியில் கிளட்ச் உறையின் அடியில் வந்து சொட்டும். அதனைக் கண்டு, பின்பக்கக் கசிவு என்று முடிவு கட்டி, கியர் பெட்டியைக் கழற்றிப் பெரும்பொருள் செலவிட்டபின்னும் சொட்டு நிற்காதிருப்பதுண்டு. சிறு கேஸ்கெட் ஒன்றால் தீர வேண்டியது அது.

ஆதலின், தேடுமுன் துடைப்போம். எஞ்சின் நன்கு ஆறியபின், டீசலில் தோய்த்த தூரிகையால் பழைய அழுக்கை அகற்றித் துணியால் உலர்த்துவோம். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்தலாகாது. ஐயத்திற்குரிய இடங்களில் சிறிது முகப்பவுடரைத் தூவி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கொளியில் நோக்குவோம். பவுடர் நனைந்த இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்புறத்திலும் உளதோ, அதுவே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடம். இக்காலப் பட்டறைகளில் எண்ணெயில் ஒருவகைச் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கில் ஒளிரச் செய்தும் கண்டறிவர்.

எந்த சீலையும் மாற்றுமுன் பிரீதர் குழாயைச் சோதிக்க வேண்டும். எஞ்சினுள் திரளும் வாயு வெளியேறும் வழி அதுவே. அது அழுக்கால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். செலவின்றித் தீரும் கசிவு இது. அம்பாசிடர் பெட்ரோல் வண்டிகளில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி எஞ்சினில், பின்முனையில் எண்ணெயைத் தடுப்பது ரப்பர் சீல் அன்று. எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும் திருகுவரிப் பள்ளமே. எனவே, ஓடி நின்றபின் ஓரிரு சொட்டு விழுவது அதன் அமைப்பைச் சார்ந்தது. டிப் ஸ்டிக்கில் அளவு விரைந்து குறையாமலும், கிளட்ச் வழுக்காமலும் இருக்கும்வரை, அடியில் ஒரு தட்டு வைத்துப் பொறுத்துக்கொள்ளலாம்.

இத்தேடலில் வண்டியின் அடியில் புக நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை நீட்டலாகாது. ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கன்று. உறுதியான தாங்கிகளை வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கைப்பிரேக்கையும் இட்டபின்னரே அருகில் செல்வோம்.

ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியிலேயே வைத்திருப்போமாக. எந்நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த எண்ணெய் எவ்வளவு ஊற்றப்பட்டது என அதில் எழுதி வருவோம். கசிவு நிலையாக உள்ளதா, வளர்கின்றதா என்பதை அவ்வேடு சொல்லிவிடும். பட்டறைக்குச் செல்லும்போது, “எங்கோ சொட்டுகிறது” என்று கூறாமல், “இன்ன எண்ணெய், இன்ன இடத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு” என்று கூறுவோர்க்கு வேலையும் செம்மையாக நடக்கும். செலவும் அளவோடு நிற்கும்.