அடித்தல் திருத்தல் குற்றமா?

"அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது." நம்மில் இதைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர் யாராவது உண்டா? இன்றைக்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறார்கள். எழுத்துக்கு இதைவிட விரோதமான விதி இருக்க முடியாது. எழுதுவது என்றாலே அடிப்பதும் திருத்துவதும்தானே ஐயா!

சிலேட்டுக் காலத்தில் நமக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. பிழையா, எச்சில் தொட்டு அழி. கோவை இலை போட்டுத் தேய்த்தால் சிலேட்டு புதிது. நோட்டும் பேனாவும் வந்த அன்றே அது போயிற்று. ஒரு வரியை மாற்ற நினைத்தால் பக்கம் முழுவதும் மறுபடி எழுத வேண்டும். எந்தப் பிள்ளை மாற்றும்? முதலில் வந்ததே முடிந்தது என்று வைத்துவிடும்.

கம்ப்யூட்டர் என்பது அந்தச் சிலேட்டின் பெரியண்ணன். அழித்தால் தழும்பு இல்லை. கடைசி வரியைத் தூக்கி முதலில் வைக்கலாம். அரசு 2011 முதல் இலவச லேப்டாப் கொடுத்தது. பிறகு ஹைடெக் லேப் வந்தது, ஸ்மார்ட் போர்டு வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அவற்றில் என்ன நடக்கிறது? வீடியோ ஓடுகிறது. நான்கு விடையில் ஒன்றைத் தொடு என்கிற தேர்வு நடக்கிறது. தான் எழுதிய பத்து வரியைப் பிள்ளை தானே திருத்துவதற்கு மட்டும் நேரம் இல்லையாம்.

"அதற்குத்தான் பிழைதிருத்தி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் மென்பொருள்காரர் ஒருவர் எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று செய்து தந்திருக்கிறார். அருமையான வேலை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பிள்ளை "நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதினால், சொல் சொல்லாகப் பார்க்கிற கருவி என்ன செய்யும்? பல்லியும் தமிழ்ச்சொல்தான். "நானும் தம்பியும் ஆற்றுக்குப் போனேன்" என்பதில் ஒரு சொல்லிலும் எழுத்துப்பிழை கிடையாது.

அங்கே உதவுவது காது. போனிலேயே உரக்கப் படிக்கும் வசதி இருக்கிறது. மனுஷர் படித்தால் மனதில் இருப்பதைப் படிப்போம். இயந்திரம் எழுதியிருப்பதை மட்டும் படிக்கும். தன் வாக்கியத்தை அடுத்தவர் குரலில் கேட்கிற பிள்ளை, "ஐயோ, போனோம்னு வரணும்" என்று தானே துள்ளும். என் பேத்தி அப்படித்தான் ஒரு பக்கத்தில் ஐந்து இடம் பிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. (திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் கேளுங்கள்!) பிறகுதான் பிழைதிருத்தியைக் காட்ட வேண்டும். முதலிலேயே காட்டினால், சிவப்புக்கோடு சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும்.

கட்டுரை முழுவதையும் எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள். பத்து வயதுக் குழந்தைக்கு அது எதற்கு? அடுத்த வீட்டு அண்ணன் எழுதிக் கொடுத்த கட்டுரைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொரு கோபமும் உண்டு. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறார்கள். ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து என்று தேடுகிற நேரத்தில் சொல்ல வந்தது மறந்துவிடும். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு அரசே ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. பல இடங்களில் புள்ளியையும் அதுவே வைத்துக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க என்ன தடை?

"பரீட்சையில் கையால்தானே எழுத வேண்டும்" என்பது கடைசி வாதம். எழுதட்டுமே! "போனேன்" தப்பு என்று காது பழகிவிட்டால், பேனா பிடித்தால் மட்டும் மறந்துபோகுமா? வாரத்தில் ஒரே ஒரு தமிழ் பீரியடை அந்த லேபுக்குக் கொடுங்கள். போன வாரம் எழுதியதையே இந்த வாரம் திறக்கச் சொல்லுங்கள். அன்று மட்டும் வாத்தியார் சிவப்புப் பேனாவை மேசை டிராயரில் வைத்துப் பூட்டட்டும்.