காத்தார் குடி காத்தல்

காஞ்சி மாநகர் கோயில்களாலும் பட்டு நெசவினாலும் புகழ் பெற்றது. தேர் வீதியில் ஓடுதற்கும் தறி இல்லத்தில் இயங்குதற்கும் இன்றியமையாதது ஒன்றுண்டு; அஃது அச்சமின்மை. அதனை மக்களுக்கு அளிப்பது காவல். ஆயினும் காவல் செவ்வனே நிகழுங்கால் எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. 2019 ஆம் ஆண்டில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்தினின்று எழுந்தருளி 48 நாள் காட்சி தந்தபொழுது, நாடெங்கிலுமிருந்து மக்கள் வெள்ளம்போல் திரண்டனர். வந்தவர் பெருமாளைக் கண்டு மகிழ்ந்து மீண்டனர். வெயிலிலும் இரவிலும் வீதிதோறும் நின்ற காவலரை நினைந்தவர் சிலரே ஆவர். காவலர் உயிர் துறந்த அன்றுதான் உலகம் அவரை நோக்குகின்றது. சின்னாளில் மறந்தும் விடுகின்றது.

காஞ்சியினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது திருப்பெரும்புதூர். இராமாநுசர் பிறந்த அவ்வூர், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1991 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள் இரவு, அங்கு நிகழ்ந்த தேர்தல் கூட்டத்தில் முன்னாள் தலைமையமைச்சர் இராசீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். இதனை அறியாதார் இலர். அவ்விடத்திலேயே காவற்பணியில் நின்ற ஒன்பதின்மர் மாண்டனர் என்பதை அறிந்தாரோ சிலர். கண்காணிப்பாளர் முகம்மது இக்பால் முதலாகக் கடைநிலைக் காவலர் ஈறாக, பெண் காவலர் ஒருவரும் உட்பட, அவர்கள் தத்தம் கடமையில் நின்றவாறே வீழ்ந்தனர். பதவியில் உயர்வு தாழ்வு இருந்தது. உயிரீகையில் அவ்வேறுபாடு இல்லை.

பிறரைக் காக்கச் சென்றோர் தாம் மீளாமற்போன வரலாறு இஃதொன்றன்று. 1959 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள், காணாமற்போன தம் தோழரைத் தேடி லடாக்கின் பனிமலையிற் சென்ற காவலருள் பதின்மர் சீனப் படையினரால் கொல்லப்பட்டனர். அந்நாளே ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாளாகப் போற்றப்படுகின்றது. 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பலொன்றில் தீப்பற்றியது. அதனை அணைக்க முற்பட்டவருள் 66 தீயணைப்பு வீரர் வெடிப்பில் மடிந்தனர். அந்நாள் தீத்தொண்டு நாளாயிற்று. எல்லாரும் அஞ்சி ஓடிவரும் திசையை நோக்கி எதிர்சென்று நடப்பவர் இவர்.

இத்தகையோரைத் தமிழர் பண்டே போற்றினர். ஊரின் ஆநிரையைக் காத்து மாண்ட வீரனுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு வழிபடும் முறையைத் தொல்காப்பியம் கூறுகின்றது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர் காலத்து நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. மகேந்திரவர்மனது 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், வீரனோடு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்துள்ளது. காவல் புரிந்த விலங்கின் பெயரையும் மறவாத பண்பாடு இது.

முன்னோர் கல் நட்டதோடு அமைந்திலர். வீழ்ந்த வீரனின் குடிக்கு நிலம் வழங்கும் வழக்கமும் இருந்தது. அந்நிலத்தை உதிரப்பட்டி என்றும், நெய்த்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பது குருதி. புறத்திணை நூலாரும் மாண்டவன் புகழை மட்டும் பாடுமாறு விதித்திலர். கணவனை இழந்தாளின் துயரைக் கூறத் தாபதநிலை, முதுபாலை எனத் தனித்துறைகள் வகுத்தனர். கல் மாண்டவனுக்கு, நிலம் எஞ்சியோருக்கு. இரண்டும் கூடியதே முழுமையான நன்றி.

இதன் உண்மையைக் காஞ்சி நெசவாளர் எளிதில் உணர்வர். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வைப் புடவையை ஒருவர் தனித்து நெய்தல் அரிது. நெசவாளர் தறியில் அமர, அவர் அருகே துணையாள் ஒருவர் இருந்து கரைக்குரிய நாடாவை எறிந்து தருதல் வேண்டும். புடவையைப் புகழ்வோர் துணையாளை அறியார். காவலர் வாழ்வும் இத்தகையதே. தீபாவளியன்று ஊரார் வீட்டில் இருக்க, அவர் வீதியில் நிற்பர். அவரின்றியே பண்டிகை கொண்டாடும் பிள்ளைகளும், நள்ளிரவில் கதவொலிக்குச் செவிசாய்த்திருக்கும் மனைவியும், மகன் நலமாக மீளுமாறு வேண்டும் தாயும் அவர்தம் பணியில் பாதியை நெய்கின்றனர். அவர் மடிந்தபின் அத்துணையாளரைக் கைவிடுதல் தகுமோ?

ஊதியம் பெற்றன்றோ அவர்கள் பணிபுரிந்தனர் எனச் சிலர் வினவுவர். ஊதியம் உழைப்பிற்கு விலையாகும், உயிருக்கு விலையாகாது. காவலருள் நெறி பிறழ்ந்தாரும் உளர் என்பர் வேறு சிலர். உண்மையே. நெறி பிறழ்ந்தாரைச் சட்டம் ஒறுத்தல் வேண்டும். அதனைக் காரணமாகக் காட்டி, நெறிநின்று மாண்டாரை மறத்தல் நீதியன்று.

அரசு உதவித்தொகையும் குடும்ப ஓய்வூதியமும் கருணை அடிப்படையில் வேலையும் அளிக்கின்றது. இவை வேண்டுவனவே. ஆயின் அவை உரிய காலத்தில் சென்று சேர்தல் வேண்டும். கணவனை இழந்தவள் விண்ணப்பத்தைக் கையிலேந்தி அலுவலகந்தோறும் நிற்குமாறு விடுதல் நன்றி கொன்ற செயலாகும். அரசால் இயலாதது ஊராரால் இயலும். மாலை வாடியபின்னும் அவ்வில்லத்திற்குச் செல்லுதலும், பிள்ளைகளின் கல்வியை வினவுதலும், முதியோர் நோயுற்றபோது உடனிருத்தலும் பொருட்செலவு வேண்டாத அறங்களாம்.

குண்டு முழக்கி வணக்கம் செலுத்துதல் ஒருநாட் கடன். குடியைக் காத்தல் நாடோறும் ஆற்றவேண்டிய கடன். ஊரைக் காத்தவர் குடியை ஊர் காவாதாயின், நட்ட கல் வெறுங்கல்லே ஆகும்.