சூரிய மின்சாரத்துக்கு எப்படிப்பட்ட பட்டதாரிகள் வேண்டும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு சிக்கியதுதான் காரணம் என்றார்கள். ஒரு துணை மின்நிலையக் கோளாறு எப்படித் தீவையே நிறுத்தியது? புதுப்பிக்கத்தக்க சக்தித் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைகள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நீர்மின், அனல்மின் நிலையங்களில் பாரமான சுழலிகள் சுற்றுகின்றன. எங்காவது கோளாறு வந்தால், அந்தச் சுழற்சி சில விநாடிகளுக்கு மின்கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். கூரைச் சோலரில் சுழல்வது எதுவுமில்லை. ஞாயிறு பகலில் தேவை குறைவு, வெயில் அதிகம். அதனால் சோலரின் பங்கு கூடி, கட்டமைப்பின் தாங்கும் வலு குன்றியிருந்தது என்று இலங்கை மின்சார சபை விளக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை நாட்களில் பகல்வேளை கூரைச் சோலரை நிறுத்தி வைக்குமாறும் சபை கேட்டுக்கொண்டது.

2030இல் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. பனல் பூட்டத் தெரிந்தவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பகல் மின்சாரத்தைப் பற்றறியில் சேமித்து இரவுக்குக் கொடுக்கவும், நாளைய வெயிலையும் காற்றையும் முன்கூட்டிக் கணிக்கவும், கட்டமைப்பின் சமநிலையைக் காக்கவும் தெரிந்தவர்கள்தான் போதிய அளவில் இல்லை. முதுமாணிப் படிப்பு அவர்களை உருவாக்க வேண்டும்.

நல்ல தொடக்கம் நம்மிடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நோர்வேயுடனும், பேராதனை, கோயம்புத்தூர் கல்வி நிறுவனங்களுடனும் கைகோத்துத் தூய சக்தித் தொழில்நுட்பத்தில் முதுமாணிக் கற்கையை நடத்துகிறது. நானோப் பொருள் ஆய்வு அந்தக் கூட்டுறவின் பலம். அந்தப் பலத்தோடு மின்கட்டமைப்பு, கட்டண நிர்ணயம், மக்கள் வாழ்வு ஆகிய மூன்றும் கட்டாயப் பாடங்களாகச் சேர வேண்டும்.

இதற்கு மன்னாரே சாட்சி. 2020இல் அங்கு 30 காற்றாலைகள் எழுந்தன. பின்னர் வரவிருந்த, அதானி நிறுவனத்தின் காற்றாலைத் திட்டம் விலைப் பேச்சு நீண்டு 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. வலசைப் பறவைகளுக்காகவும் மீனவர்களின் தொழிலுக்காகவும் எதிர்ப்பு எழுந்தது. இவற்றில் எந்தச் சிக்கலையும் ஆய்வுகூடத்துக்குள் இருந்து தீர்க்க முடியாது. மாணவர் ஆறு மாதமாவது மின்சார நிறுவனத்திலோ காற்றாலையிலோ வேலை பழக வேண்டும். வேலையில் இருப்போருக்கு வார இறுதி வகுப்புகள் வேண்டும்.

இந்தத் துறையில் சேர நினைக்கும் பிள்ளைகளே, பெற்றோரே, கட்டணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: மின்கட்டமைப்பைக் கற்பிக்கிறார்களா? களத்துக்கு அனுப்புகிறார்களா? படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் தரும் இடத்தில் சேருங்கள்.