ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளுமாம்!

“ஓடும் ஆறு எதையும் அடித்துச் சென்றுவிடும், நாளடைவில் தானே தூய்மையாகும்” - ஆற்றில் நஞ்சு கலப்போர் காலந்தோறும் ஓதும் மறுமொழி இது. இதனினும் கொடிய பொய் வேறில்லை என்பதற்கு அமெரிக்காவின் அட்சன் ஆறே சான்று.

நியூயார்க்கு மாநிலத்தில் அவ்வாற்றங்கரையில் செனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்கொண்மித் தொழிற்சாலைகள் இரண்டு இருந்தன. 1947 முதல் 1977 வரை அவை பி.சி.பி. என்னும் செயற்கை வேதிப்பொருளை ஆற்றில் விட்டன. அதன் அளவு 590 டன் வரை இருக்கும் என்பது அந்நாட்டரசின் மதிப்பீடு. வெப்பத்துக்கும் காடிக்கும் எளிதிற் சிதையாமையே அப்பொருளின் சிறப்பு. தொழிலுக்கு உதவிய அச்சிறப்பே ஆற்றுக்குக் கேடாயிற்று.

அப்பொருள் நீரிற் கரைவது அரிது. ஆகவே வண்டலில் ஒட்டி அடியில் தங்கும். கொழுப்பில் எளிதிற் கரையும்; ஆகவே வண்டலில் வாழும் புழுக்களின் உடலிற் சேரும். புழுக்களைத் தின்னும் சிறுமீனில் அது மிகும். சிறுமீன்களைத் தின்னும் பெருமீனில் இன்னும் மிகும். அம்மீனை உண்ணும் தாயின் பாலிலும் கலக்கும். நீரை மட்டும் அளந்துவிட்டு, “நஞ்சு அணுவளவே” என்று கூறுவோர் மீனையும் அளந்து பார்க்கட்டும்!

அடியில் தங்கியது அங்கேயே கிடந்ததா? அதுவும் இல்லை. 1973-இல் போர்ட்டு எட்வர்டு அணை அகற்றப்பட்டதும், அங்குத் தேங்கியிருந்த நச்சு வண்டல் வெள்ளத்தோடு கீழிறங்கிற்று. நியூயார்க்கு நகர் வரை 200 கல் தொலைவு இன்று மாசுற்ற பகுதி. 1976-இல் மேலாற்றில் மீன்பிடிக்கவே தடை வந்தது; கீழாற்றிலும் விற்பனைக்கான மீன்பிடிப்பு பெரும்பாலும் நின்றது. வலையையே வாழ்வாகக் கொண்ட மீனவர் செய்த பிழை யாது?

இத்தனைக்குப் பின்னும், “வண்டலைத் தோண்ட வேண்டா, ஆறே அதை மூடிவிடும்” என்று அந்நிறுவனம் பல்லாண்டு மறுத்துரைத்தது. 2002-இல் அரசு ஆணையிட்டது. 2009 முதல் 2015 வரை ஏறத்தாழ 21 இலக்கம் கன மீட்டர் வண்டலை அந்நிறுவனமே தன் செலவில் அள்ள நேர்ந்தது. ஆயினும் மேலாற்று மீனை உண்ணற்க என்னும் எச்சரிக்கை இன்றும் நீங்கவில்லை.

கொட்டியது முப்பது ஆண்டு. கேடோ இரு மடங்கு காலத்தையும் கடந்து நிற்கிறது. ஆறு கழுவிக்கொள்ளும் என்பார் எந்நாட்டில் எழுந்தாலும், அவர் வாயை அடைக்க அட்சன் ஒன்றே போதும். கொட்டியபின் அள்ளுவது அரைகுறை மருந்து. கொட்டுமுன் தடுப்பதே அரசின் கடன்!