திக்காலின் மர உத்திரங்கள்

குவாத்தமாலாவின் வடபாகத்தில், பெத்தேன் கானகத்தின் நடுவே, இலவமும் சப்போட்டாவும் ஓங்கி வளர்ந்த நிழலில் ஊளைக் குரங்குகளின் முழக்கத்தைக் கேட்டவாறு நடந்து, திக்கால் நகரத்தில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் மரப்படிகளில் ஏறி, பசுமைப் பரப்பைப் பிளந்துகொண்டு எழும் பிற கோயில்களின் சிகரங்களை நோக்கி வியந்து நிற்கும் யாத்திரிகனுக்கு, இவற்றைக் கட்டிய மாயர் இன்ன இடம் போயினர் என்று தெரியாமல் மறைந்துவிட்டனர் என்ற கதை இன்றும் பல இடங்களில் சொல்லப்படுகிறது. அக்கதை பொய், பெருந்தீங்கு விளைத்த பொய் என்றும் சொல்லத் துணிகிறேன்.

869-ம் ஆண்டுக்குப் பின் திக்காலில் அரசர் எவரும் தேதி பொறித்த கல் நாட்டியதாகக் காணோம். வறட்சியும் ஓயாத யுத்தங்களும் அந்நகரைக் குடியற்றதாக்கின என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நகரம் பாழாயிற்றேயன்றி ஜனங்கள் அழிந்துவிடவில்லை. அதற்குத் தென்மேற்கிலுள்ள ஏரித் தீவில் இட்சா மாயரின் சுதந்திர ராஜ்யம், 1697-ல் ஸ்பானியர் படையெடுத்து வரும்வரை நிலைபெற்றிருந்தது. இன்றைக்கும் கிச்சே, கெக்சி, யுகாத்தெக் முதலிய மாய மொழிகளைப் பல லட்சம் பேர் வீட்டிலும் சந்தையிலும் பேசுகின்றனர். திக்காலின் பெருஞ்சதுக்கத்திலேயே அவர்களுடைய ஆசாரியர்கள் அக்கினி வளர்த்து, நறுமணப் பிசினிட்டு மூதாதையரை வழிபடுகின்றனர்.

உரியவர் இல்லை என்று எண்ணப்பட்ட பொருளை எடுப்பதற்கு எவருக்கும் கை கூசுவதில்லை. ஹோண்டுராஸிலுள்ள கோபான் நகரத்தை 1839-ல் ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்கர் 50 டாலருக்கு விலைபேசினார். திக்காலில் நேர்ந்ததோ அதனினும் வருந்தத்தக்கது. எட்டாம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் கோயிலை எழுப்பிய யிக்கின் சான் கவில் என்ற மன்னன், வாயில்களின்மேல் வைரம் பாய்ந்த சப்போட்டா உத்திரங்களை ஏற்றி, அவற்றில் தன் வெற்றிகளைச் சித்திரமும் எழுத்துமாகச் செதுக்குவித்திருந்தான். 1877-ல் அங்கு வந்த குஸ்தாவ் பெர்னுல்லி என்னும் ஸ்விஸ் மருத்துவரின் ஏற்பாட்டால் அவற்றுள் தலைசிறந்தவை பெயர்க்கப்பட்டுக் கடல் கடந்தன. இப்போது பாசல் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவை திரும்பி வரவேண்டும். ஐரோப்பாவில் அவை பத்திரமாக இருக்கின்றன, கானகத்தின் ஈரத்தில் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சக்கூடும். ஆயினும், அந்த ஈரத்தையும் கறையானையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் அவை தம் இடத்திலேயே தாங்கி நின்றனவல்லவா? திக்காலில் அருங்காட்சியகம் இல்லாமலும் இல்லை. அங்கே அவற்றை வைத்து, அம்மன்னனின் வரலாற்றை அவன் வழிவந்த மக்களே வருவோர்க்கு எடுத்துரைக்க இரு நாட்டு அரசுகளும் இசையவேண்டும்.