18 லட்சத்தை விட்டுட்டு பினாங்குக்குப் போனேன்

போன வீடியோல நான் பினாங்கு போன கதையைச் சொன்னதும் ரெண்டு விதமான கமெண்ட். ஒண்ணு: "பர்சனல் லோன் போட்டுப் போகலாமா?" இன்னொண்ணு: "அந்த 60,000-ஐ முதலீடு பண்ணியிருந்தா 30 வருஷத்துல 18 லட்சம் ஆகியிருக்குமே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

லோன் கேள்விக்கு பதில் சுலபம். 60,000 ரூபாய், 14% வட்டி, 12 மாசம்னா வட்டி மட்டும் சுமார் 4,650. பிராசசிங் கட்டணம் 2%, அதுக்கு ஜிஎஸ்டி. மொத்தம் 6,000-க்கு மேல எக்ஸ்ட்ரா. வேண்டாம்.

ரெண்டாவது ஆள் கணக்கு தப்பில்ல. 12% வருமானத்துல 18 லட்சம் வரும். ஆனா 6% பணவீக்கம் வச்சா, இன்னைக்கு மதிப்புல அது சுமார் 3 லட்சம்தான். சரி, அதுவும் லாபம்தானே? லாபம்தான். எங்க அப்பாவும் இதே மாதிரி தள்ளிப் போட்டவர்தான். எல்லாம் ரிட்டயர்மென்டுக்கு அப்புறம்.

பினாங்கு தேசியப் பூங்கா தீவோட வடமேற்கு மூலையில இருக்கு. ஜார்ஜ் டவுன்ல 101 நம்பர் பஸ் ஏறினா தெலுக் பஹாங் வரைக்கும் போகும். அங்கிருந்து காட்டுப் பாதையில பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேர நடை. வேர், ஏத்தம், இறக்கம்னு சட்டை நனைஞ்சுடும். வழியில உடும்பு குறுக்கே போகும். குரங்குகிட்ட பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டிடாதீங்க. கடைசியில ஒரு ஏரி வரும். மேல நன்னீர், அடியில கடல் நீர், ரெண்டும் கலக்காது. பக்கத்துலயே ஆமை பாதுகாப்பு மையம். ஆனா அந்தக் கரையில குளிக்கக் கூடாது, நீரோட்டமும் ஜெல்லி மீனும் இருக்கு. நீந்தணும்னா வேற இடம் பாருங்க.

அந்த நடையை நான் தனியாத்தான் நடந்தேன். அப்பாவுக்கு 66 வயசு, முட்டி ஒத்துழைக்கல. அவர் படகுல வந்து கரையில எனக்காகக் காத்துட்டு இருந்தார். தொட்டியில இருந்த ஆமைக் குஞ்சுங்களை அரை மணி நேரம் பார்த்தார். "பாதை எப்படிடா இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டார். 18 லட்சம் கணக்குல இதுக்கு எந்தக் காலமும் இல்ல.

அதுக்காக எஸ்ஐபியை நிறுத்தாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். தனியா மாசம் 5,000-க்கு ஒரு ஆர்டி போடுங்க, 12 மாசத்துல 60,000. போனஸ் வந்தா பயணத்துக்கு எடுக்கலாம்னு நினைக்காதீங்க, அது வர்றதுக்குள்ள வேற செலவு வந்து நிக்கும்.

இன்னும் ரெண்டு விஷயம். வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்ல, வரி கணக்கு தாக்கல் பண்ணும்போது வரவு வச்சுக்கலாம். எல்டிஏ இதுக்குக் கிடைக்காது, இந்தியாவுக்குள்ள போனா மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில இருந்தா, டிக்கெட் செலவுக்கு மட்டும். ஓட்டல் பில்லை எச்ஆர்கிட்ட கொண்டு போய் நிக்காதீங்க.

ஆர்டியை இந்த மாசமே ஆரம்பிங்க. கிரிப் இருக்கற ஷூவுக்கும் அதுலயே கொஞ்சம் ஒதுக்கிடுங்க, நான் ஒதுக்காம செருப்புல போய் ரெண்டு தடவை வழுக்கினேன்.