கை தட்டியவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?



2019-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள். கோவை நேரு விளையாட்டரங்கம். எதிரே பஞ்சாபின் மினர்வா அணி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டது சென்னை சிட்டி. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடுகிறது. இங்கே வெற்றி நழுவி அங்கே வெற்றி கிட்டினால், கோப்பை கொல்கத்தாவுக்கு! இடைவேளை கழிந்தது. பெட்ரோ மான்சி சமன் செய்தார். கோலைத் தடுக்க வேண்டிய பின்கள வீரர் கவுரவ் போரா, முன்னேறிச் சென்று இரண்டு கோல் அடித்தார். 3-1! மொத்தம் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழகத்துக் கால்பந்துக் கழகம் ஒன்று முதன்முறையாக ஐ-லீக் பட்டம் சூடியது. கழகம் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், இன்று பந்தடிக்கும் கழகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இரண்டே ஆண்டு. 2021-இல், உரிமம் பெறுவதற்கான நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று அதே அணி ஐ-லீகிலிருந்து நீக்கப்பட்டது. முடி சூட்டிய மண்ணிலே ஆட்டம் நின்றது. நாடகம் எழுதுகிறவன் நான். மூன்றாம் அங்கம் முடிவதற்குள் கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்ட கதையை எந்த மேடையிலும் கண்டதில்லை. கோவையிலே கண்டேன்!

யார் கேட்டார்கள்? ஏன் என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர். தேநீர்க் கடையிலே கேட்டார்கள், பஞ்சாலை வாயிலிலே கேட்டார்கள், பேருந்திலே கேட்டார்கள். கேட்பதற்கு உரிமை பெற்றவர் யார்? ஒருவருமில்லை! எவர் கையிலும் பங்குச் சீட்டு இல்லை. எவருக்கும் பேரவையில் இருக்கை இல்லை. முரசு கொட்டியவன், முகத்திலே சாயம் பூசியவன், அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஓடிவந்தவன், அத்தனை பேரும் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் நுழைவுச் சீட்டுக் கிழித்தவர்கள். சீட்டுக் கிழிந்ததும் உறவு கிழிந்தது!

இதிலே ஒரு வேடிக்கை உண்டு, கேளுங்கள். அந்த 2019-ஆம் ஆண்டிலே சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் கால்பந்துக் கழகம், சென்னை சிட்டியில் 26 விழுக்காடு பங்கை ஏற்பதாக அறிவித்தது. வெளிநாட்டார் வந்துவிட்டார், விடிந்துவிட்டது என்று விழா எடுத்தோம். அவர்கள் ஊரிலே என்ன நடந்தது? எங்கள் கழகத்தின் பணம் இந்தியாவுக்கு ஏன் போகிறது என்று பாசெல் இரசிகர்கள் உரிமையாளரையே கேட்டார்கள். கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது? பாசெல் கழகத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்கில் 25 விழுக்காடு அங்கே உறுப்பினர் சங்கத்தின் கையிலே இருந்தது. நம் கழகம் சரிந்த அதே 2021-இல், பாசெலின் பெரும்பங்கு பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போகப்போகிறது என்ற செய்தி பரவிற்று. ஊரே தெருவுக்கு வந்தது. முடிவிலே பங்கு அயலார் கைக்குப் போகவில்லை. அக்கழகத்தின் பழைய ஆட்டக்காரர் டேவிட் டேகன் கைக்குப் போயிற்று. ஒரே ஆண்டு, இரண்டு ஊர். அங்கே வீதி நிறைந்தது. இங்கே அரங்கம் வெறிச்சோடியது. பாசெல்காரனுக்குப் பந்தின்மேல் பற்று அதிகம், கொங்குநாட்டானுக்குக் குறைவு என்பீர்களா? நான் ஒப்பமாட்டேன். அவனிடம் சங்கம் இருந்தது. நம்மிடம் தொண்டை மட்டுமே இருந்தது!

“பணம் போட்டவன் முதலாளி, பார்க்க வந்தவன் பார்த்துவிட்டுப் போகட்டும்” என்று பேசுவோர் உண்டு. சரி, பணத்தைப் பற்றியே பேசுவோம். நேரு விளையாட்டரங்கம் எவர் தனிச்சொத்து? ஊரார் வரிப்பணத்தால் எழுந்தது. ஆட்ட நாளில் காவல் நின்ற காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? இவற்றையெல்லாம் முதலீடு என்று ஏன் எவரும் எழுதவில்லை? பெயரிலே சென்னை, ஆடிய மண்ணோ கோவை. பெயரைக்கூடக் கேளாமல் நெஞ்சைக் கொடுத்தார்களே கோவை மக்கள், அந்த நெஞ்சு எந்த ஏட்டிலே வரவு வைக்கப்பட்டது?

கொங்குநாட்டுக்கு இது புதுப் பாடமன்று. விடியற்காலையில் தூக்குப்பாத்திரத்தோடு பால் சங்கத்து வாயிலில் நிற்கும் அம்மாவைக் கேளுங்கள். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, இருபது மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. சென்னிமலை நெசவாளரைக் கேளுங்கள், கூட்டுறவு என்றால் என்ன என்று அவர் நமக்கு வகுப்பெடுப்பார். பாலுக்குச் சங்கம் உண்டு, நூலுக்குச் சங்கம் உண்டு. பந்துக்கு மட்டும் ஏன் இல்லை?

இங்கிலாந்திலே நார்தாம்டன் என்றொரு ஊர். காலணி தைக்கும் தொழிலாளர் ஊர். 1992-இல் அவ்வூர்க் கழகம் கடனிலே மூழ்கிற்று. இரசிகர்கள் உண்டியல் குலுக்கினார்கள். குலுக்கிய காசை அப்படியே கொட்டிவிடவில்லை. ஆதரவாளர் அறக்கட்டளை ஒன்றை அமைத்து, நிர்வாகக் குழுவில் இருக்கை கேட்டுப் பெற்றார்கள். அந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. பத்தாண்டு கழித்து, 2002-இல், விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்சு என்னும் ஊருக்குப் பெயர்த்துச் செல்ல அனுமதி கிடைத்தது. இரசிகர்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்களா? அதே ஆண்டிலே தங்களுக்கென்று புதுக் கழகம் கண்டார்கள். அடித்தளத்திலிருந்து ஆடத் தொடங்கினார்கள். 2011-இல் லீக் வரிசைக்குள் நுழைந்தார்கள். 2020-இல் பழைய பிளவ் லேனுக்கே திரும்பினார்கள்!

பங்கு இருந்தால் மட்டும் போதும் என்றும் மயங்கவேண்டாம். வேல்சு நாட்டின் சுவான்சி கழகத்தில் ஆதரவாளர் அறக்கட்டளைக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு பங்கு இருந்தது. 2016-இல் மற்றப் பங்குதாரர்கள் அமெரிக்கருக்குப் பெரும்பங்கை விற்றபோது, அறக்கட்டளை ஓரம் கட்டப்பட்டது. ஒப்பந்தத்திலே ஓட்டை இருந்தால், ஐந்தில் ஒரு பங்கும் அந்த ஓட்டை வழியே ஒழுகிவிடும். ஆகவே கைதட்டத் தெரிந்தவர்களோடு, கணக்குப் பார்க்கத் தெரிந்தவரும் சட்டம் படித்தவரும் சங்கத்திலே வேண்டும்.

பழங்கதை ஏன் என்கிறீர்களா? 2025-ஆம் ஆண்டிலே ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. நடத்தும் உரிமை யாருக்கு என்பதில் பேச்சு முடியவில்லை. பெங்களூருக் கழகம் சம்பளத்தை நிறுத்திற்று. சென்னையின் கழகம் வேலைகளையே நிறுத்தியது. மாநகரங்களுக்கே அந்நிலை என்றால், கோவைக்கு நாளை வரப்போகும் கழகத்துக்கு என்ன உறுதி?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் ஒரு சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். ஏழு பேர்! ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை, தேர்தல். கூலித் தொழிலாளியும் கட்டக்கூடிய சந்தா. பெண்களுக்கு அரங்கத்திலும் நிர்வாகத்திலும் இடம். வருங்காலத்தில் எந்தக் கழகம் நேரு அரங்கத்தைக் கேட்டு வந்தாலும், “வாடகை ஒப்பந்தத்திலே ஆதரவாளர் சங்கத்துக்கு ஓர் இயக்குநர் இருக்கை எழுது, ஆண்டுக் கணக்கைக் காட்டு, ஊரை விட்டுப் போவதாயின் முன்கூட்டிச் சொல்” என்று கேட்க வேண்டும். பொது அரங்கத்தைக் கொடுப்பவருக்கு நிபந்தனை போடும் உரிமை இல்லையென்று எவர் சொல்வார்?

இனி நம்மவர்க்கு ஒரு சொல், கசக்கும். இதைப் படித்ததும் வட்டக் கிளைத் தோழர் சிலருக்குக் கை துறுதுறுக்கும். பெயர்ப்பலகை எழுதுவார்கள், தலைவர் படம் மாட்டுவார்கள், கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டுவார்கள். வேண்டாம்! முதலாளியின் பையிலிருந்து நடக்கும் இரசிகர் மன்றம் முதலாளிக்கு வாழ்த்துப் பாடும். கட்சியின் பையிலிருந்து நடப்பது கட்சிக்குப் பாடும். இரண்டாலும் பந்துக்குப் பயனில்லை. மாற்றுக் கட்சிக்காரன் நம் பக்கத்திலே உட்கார்ந்து அதே கோலுக்கு எழுந்து குதிப்பான். அவன் தேர்தலிலே நின்று நம்மவரைத் தோற்கடிக்கவும் கூடும். தோற்றால் கணக்கேட்டை ஒப்படைத்துவிட்டு, உறுப்பினராக உட்காருங்கள்.

ஏழு பேர் கையெழுத்துக்கு அமரும் அன்று, பதிவுக் கட்டணத்தைத் தருகிறேன் என்று ஒரு செல்வரோ, ஒரு சட்டமன்ற உறுப்பினரோ முன்வந்தால், அவர் நம் கட்சிக்காரராகவே இருந்தாலும், நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். கட்டணத்தை ஏழாக வகுத்துக் கட்டுங்கள்.